டோரத்தியின் வெள்ளிக் காலணியில் வாக்குச்சீட்டு இல்லை

அமெரிக்காவின் 'ஓஸ்' கதையைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது குழந்தைக் கதையே இல்லை, தெரியுமா?" என்று கேட்பார். முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பொருளாதார வகுப்பில் எனக்கும் அது அப்படித்தான் சொல்லப்பட்டது. ஆசிரியர் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு கிழித்தார். இடப்பக்கம் கதைமாந்தர், வலப்பக்கம் அரசியல். சோளக்கொல்லைப் பொம்மை என்றால் விவசாயி. தகர மரவெட்டி என்றால் ஆலைத் தொழிலாளி. கோழைச் சிங்கம் என்றால் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மஞ்சள் செங்கல் பாதை என்றால் தங்கம். டோரத்தியின் காலில் கிடக்கும் வெள்ளிக் காலணி என்றால் வெள்ளி நாணயம். 'ஓஸ்' என்ற பெயரே, ஆங்கிலத்தில் அவுன்ஸைக் குறிக்கும் இரண்டு எழுத்துதான். நான் வாய் பிளந்து எழுதிக்கொண்டேன். பல வருடம் நானும் அதையே மற்றவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதை நான் இன்று திரும்பப் பெறுகிறேன். சொன்னது தவறு. அந்த நாவல் எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி உலகம் முழுக்க வகுப்பறைகளில் சொல்லப்படும் இந்த விளக்கம், எழுதிய மனிதரின் வாழ்க்கையையே அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தேர்தலை நிறுத்தி வைக்கிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1873-ல் வந்த நாணயச் சட்டம் வெள்ளி டாலரைக் கைவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் விளைபொருள் விலை இறங்கிக்கொண்டே போனது. கடன் வாங்கியிருந்த விவசாயிக்கு அதே கடன் வருடத்துக்கு வருடம் கனத்தது. வெள்ளியையும் தடையின்றி நாணயமாக அடித்தால் புழக்கத்தில் பணம் பெருகும், விலை ஏறும், கடன் இளகும் என்று மேற்கிலும் தெற்கிலும் இயக்கம் எழுந்தது. பாப்புலிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட மக்கள் கட்சியார் 1892-ல் ஒமாஹா நகரில் கூடிக் கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். 1896 ஜூலை 9 அன்று சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரையன் வெள்ளிக்கு ஆதரவாகத் 'தங்கச் சிலுவை'ப் பேச்சைப் பேசி அதிபர் வேட்பாளரானார். மக்கள் கட்சியும் அவரையே ஏற்றது. நவம்பரில் பொன் திட்டத்தின் பக்கம் நின்ற குடியரசுக் கட்சியின் மெக்கின்லியிடம் தோற்றார். நான்கு ஆண்டு கழித்து, அதே சிகாகோவில், லைமன் ஃபிராங்க் பாம் எழுதிய 'ஓஸின் அற்புத மந்திரவாதி' வெளிவருகிறது. அதில் வெள்ளிக் காலணி இருக்கிறது, பொன்னிறப் பாதை இருக்கிறது, பச்சை நிற நகரம் இருக்கிறது, மந்திரவாதி வேறு ஒமாஹாக்காரன். இத்தனையும் தற்செயலா என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பதிலைத் தேடுமுன் இந்த விளக்கம் எப்போது பிறந்தது என்று பார்க்க வேண்டும். புத்தகம் வந்தது 1900-ல். இந்த விளக்கம் முழு வடிவில் அச்சில் வந்தது 1964-ல். இடையில் 64 ஆண்டுகள். பிரையன் அதற்குள் இன்னும் இரண்டு முறை நின்று தோற்று, இறந்தும் போனார். வெள்ளிப் போராட்டத்தில் தெருவில் இறங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். புத்தகம் வந்தபோது மதிப்புரை எழுதிய பத்திரிகைக்காரர்களுக்கு அந்தத் தேர்தலின் கேலிச்சித்திரங்கள் மனப்பாடம். அவர்கள் யாருக்கும் கண்ணில் படாத ஒன்று, அந்தச் சண்டை முழுக்க மறந்துபோன பிறகுதான் ஒருவருக்குப் பட்டது.

அவர் ஹென்றி லிட்டில்ஃபீல்ட், நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். 1890-களின் நாணயச் சண்டை மாணவர்களுக்குத் தலையில் ஏறவில்லை. ஓஸ் கதையை எல்லாருக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார்; மாணவர்களும் தங்கள் பங்குக்குப் பொருத்தங்களைக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். அதைத்தான் 'அமெரிக்கன் குவாட்டர்லி' இதழில் கட்டுரையாக எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. தூங்கி வழியும் வகுப்பை எழுப்ப ஒரு நல்ல ஆசிரியர் கண்டுபிடித்த வழி அது.  பாமை ஆழமாக ஆராய்ந்த மைக்கேல் பாட்ரிக் ஹெர்ன் 1991 கடைசியில் இந்த விளக்கத்தை மறுத்து நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதியபோது, லிட்டில்ஃபீல்டே 1992 பிப்ரவரியில் அதே பத்திரிகைக்கு எழுதி, பாமைப் பாப்புலிஸ்ட் கொள்கையின் ஆதரவாளராகக் கொள்ள ஆதாரம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்.

விளக்கத்தை உண்டாக்கியவரே இப்படிப் பின்வாங்கிய பிறகும் அது நடமாடுகிறது. காரணம், அதற்குள் அது பொருளாதாரத் துறைக்குள் குடியேறிவிட்டது. 1990-ல் ஹியூ ராக்காஃப் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி' இதழில் கதை முழுவதையும் பணவியல் உருவகமாக விரித்து எழுதினார். கிரெகரி மான்கியூவின் பேரியல் பொருளாதாரப் பாடநூலிலும் அது இடம்பிடித்தது. லிட்டில்ஃபீல்டின் கடிதத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பாடநூலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் கரும்பலகைக்கும் அது இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

சரி, கதைக்குள் போய்ப் பார்ப்போம்.

என் மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது இரவில் இந்தப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கரும்பலகைக் கோடு மனத்தில் அப்படியே இருந்தது. வெள்ளி என்றால் ஏழைகளின் பக்கம், தங்கம் என்றால் கந்துவட்டிக்காரர் பக்கம். மேற்குத் திசைச் சூனியக்காரி வந்த அத்தியாயத்தில் என் நாக்கு இடறியது. டோரத்தியையும் கூட்டாளிகளையும் கொல்ல அவள் முதலில் ஓநாய்களை அழைக்கிறாள், பிறகு காக்கைகளை, பிறகு கருந்தேனீக்களை. எதைக் கொண்டு அழைக்கிறாள்? கழுத்தில் தொங்கும் ஒரு விசிலை ஊதி. அது வெள்ளி விசில். வெள்ளி மக்களின் மீட்பு என்றால் அது ஏன் இவள் கழுத்தில் தொங்குகிறது? அந்த அத்தியாயத்தை முடிக்காமலே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாளிலிருந்து கோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தக் காலணியையே எடுத்துக்கொள்வோம். அது டோரத்திக்கு வருமுன் யாருடையது? கிழக்குத் திசைச் சூனியக்காரியுடையது. கிழக்கு என்றால் வால் ஸ்ட்ரீட், வங்கிக்காரர்கள் என்கிறது விளக்கம். வெள்ளியைக் கண்ணெடுத்தும் பார்க்காதவர்கள் என்று சொல்லப்படும் அந்தக் கூட்டத்தின் காலில் வெள்ளிக் காலணி எப்படி வந்தது? தங்கமோ கதையில் கெட்டவர் கையிலும் நல்லவர் கையிலும் சமமாக மாறி மாறி வருகிறது. பறக்கும் குரங்குகளை ஏவும் பொன் தொப்பி சூனியக்காரியிடம் இருக்கும்போது அழிக்கிறது. டோரத்தி தலைக்கு வந்ததும் அவளைத் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறது. சூனியக்காரியின் பிடியிலிருந்து விடுதலை பெற்ற விங்கி மக்கள் சிங்கத்துக்கும் நாய்க்குட்டி டோட்டோவுக்கும் நன்றியாகப் போடுவது பொன் கழுத்துப்பட்டை. பொன்னிறப் பாதையோ டோரத்தியை ஏமாற்றுவதே இல்லை. சொன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

விளக்கம் சொல்கிறவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. மேற்குச் சூனியக்காரியை லிட்டில்ஃபீல்ட் வறட்சி முதலான இயற்கையின் கொடுமை என்றார். தண்ணீர் பட்டதும் கரைகிறாள் அல்லவா? ராக்காஃபுக்கு அவள் மெக்கின்லி. மந்திரவாதி ஒருவருக்குப் பொதுவாக அதிபர்கள், இன்னொருவருக்கு மெக்கின்லியின் பின்னால் நின்ற மார்க் ஹன்னா. ஹன்னா ஒஹையோக்காரர். அப்படியானால் ஒமாஹா எங்கிருந்து வந்தது? ஒமாஹா மக்கள் கட்சியின் புனித ஊர் ஆயிற்றே! எதிரியைப் போய் அங்கே பிறக்க வைப்பானா ஒருவன்? உச்சமாக ஒன்று சொல்கிறேன். மரகத நகர அரண்மனையில் ஒரு பணிப்பெண் டோரத்தியை ஏழு நடைவழிகளையும் மூன்று மாடிப்படி வரிசைகளையும் கடந்து அறைக்கு அழைத்துச் செல்கிறாள். ஏழு, மூன்று. ஆகவே அது 1873-ன் சட்டம் என்கிறார் ராக்காஃப். அரண்மனையில் படியும் நடையும் எண்ணி எழுதுகிற கதைசொல்லி எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் ஏதாவதொரு ஆண்டு கிடைத்திருக்கும். இந்த முறையில் எந்தப் புத்தகத்திலிருந்தும் எந்தத் தேர்தலையும் எடுத்துவிடலாம்.

இவையெல்லாம் உட்சான்று. வெளியே இருக்கும் சான்று இன்னும் வலுவானது. பிரையன் பேசிய மூன்றாம் நாள், 1896 ஜூலை 12 அன்று, 'சிகாகோ டைம்ஸ்-ஹெரால்ட்' பத்திரிகையில் பாம் எழுதிய கவிதை ஒன்று வந்தது. அது மெக்கின்லியை ஆதரித்து எழுதியது; அவர் பதவிக்கு வந்தால் நாட்டுக்கு நல்ல காலம் என்பது அதன் சாரம். ஹெர்ன் இதைத் தோண்டியெடுத்துக் காட்டினார். பிரையனுக்கான தீப்பந்த ஊர்வலங்களில் பாம் நடந்தார் என்று 1950-களில் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகளில் வருகிறது. லிட்டில்ஃபீல்ட் நம்பியது அதைத்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அது அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட நினைவு. தேர்தல் நடந்த அதே ஆண்டின் கோடையில் அச்சான தாள் எதிர்த்திசையில் பேசுகிறது. அதற்கும் முன்னால், 1890-ல், டகோட்டாவில் சொந்தப் பத்திரிகை நடத்தியபோது பாம் நின்றது குடியரசுக் கட்சிப் பக்கம். விவசாயிகள் புதிதாகத் தொடங்கிய சுயேச்சை இயக்கத்தை அவர் பத்திரிகை எதிர்த்தது. எழுதப்பட்ட சான்றின்படி இந்த மனிதர் பாப்புலிஸ்டு கிடையாது.

அப்படியென்றால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? இங்கேதான் என் ஆதங்கம். விடை கண் முன்னே கிடக்கிறது. அது தேர்தலைவிட எவ்வளவோ சுவையானது, மனத்தைத் தொடுவதும்கூட.

பாம் 1856-ல் நியூயார்க் மாநிலத்தின் சிட்டெனாங்கோவில் பின்னால் எண்ணெய்த் தொழிலில் பணம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். நாடகம் எழுதினார், நடித்தார், கோழி வளர்த்தார், எண்ணெய் விற்றார். 1888-ல் மனைவி மாடையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு டகோட்டாவின் அபர்டீன் ஊருக்குப் போய்க் கடை போட்டார். பெயர் 'பாம்ஸ் பஜார்'. பொம்மை, பீங்கான், அலங்காரச் சாமான். வறட்சியில் வாடிக்கொண்டிருந்த ஊரில் இவையெல்லாம் யார் வாங்குவார்கள்? வாங்கியவர்களுக்கும் கடன் சொல்லிக் கொடுத்தார். ஒன்றேகால் ஆண்டில் கடை மூடப்பட்டது. 1890 ஜனவரியில் 'அபர்டீன் சாட்டர்டே பயனியர்' என்ற வாரப் பத்திரிகையை எடுத்து நடத்தினார். அடுத்த ஆண்டே அதுவும் கைவிட்டுப் போனது.

கதையின் முதல் பக்கத்துக் கான்சாஸ் இந்த டகோட்டாதான். நாடகக் குழுவோடு கடந்துபோனதைத் தவிர கான்சாஸில் பாமுக்கு வாழ்க்கை இல்லை. நாலா பக்கமும் வானம் வரைக்கும் சாம்பல் நிறத் தரை, வெயிலில் நிறம் வெளுத்த புல், பெயிண்ட் உரிந்த வீடு, சிரிக்க மறந்துபோன டோரத்தியின் 'எம்' அத்தை: இவற்றை ஒருவர் தங்கத்தின் விலையை யோசித்து எழுத முடியாது. மாடின் அக்காள் ஜூலியா அதே சமவெளியில், அக்கம்பக்கம் இல்லாத ஒரு பண்ணையில் குடித்தனம் நடத்தினாள். அந்தத் தனிமை அவளை என்ன செய்தது என்பதற்கு அவள் நாட்குறிப்பே சாட்சி. இளமையும் அழகுமாக வந்த ஒரு மனைவியின் கண்ணிலிருந்தும் கன்னத்திலிருந்தும் வெயிலும் காற்றும் நிறத்தை எடுத்துக்கொண்டுபோனதைப் பாம் சொல்லும் இடத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குடும்பத்தில் பார்த்தவன் எழுதியது அது.

இப்போது பச்சைக் கண்ணாடிக்கு வருவோம். இந்தக் கதையின் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு மரகத நகரம் உண்மையிலேயே பச்சை. புத்தகத்தில் அப்படி இல்லை. நகர வாசலில் எல்லார் கண்ணிலும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறார்கள். அதனால்தான் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. பச்சை என்றால் அமெரிக்கக் காகிதப் பணம் என்கிறது விளக்கம். ஆனால் 1890-ல், அபர்டீன் பத்திரிகையில் பாம் எழுதிவந்த 'எங்கள் விடுதிக்காரம்மா' என்ற நகைச்சுவைப் பத்தியில் இந்தக் கண்ணாடி ஏற்கெனவே வந்துவிட்டது. வறட்சியில் தீவனம் இல்லாமல் திண்டாடும் விவசாயி ஒருவர் தம் குதிரைகளுக்குப் பச்சைக் கண்ணாடி மாட்டி, மரச்சீவலை முன்னே போடுகிறார். குதிரை அதைப் புல் என்று நினைத்துத் தின்கிறது. உடம்பு மட்டும் தேறவில்லை. மரகத நகரத்தின் முழுத் தந்திரமும் அதன் சோகமும் இந்த ஒரு குதிரையிடம் இருக்கிறது. பிரையன் பேசுவதற்கு ஆறு ஆண்டுக்கு முன், மக்கள் கட்சி ஒமாஹாவில் கூடுவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் எழுதியது. பசியும் வறட்சியும் இதில் நிச்சயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நாணயக் கொள்கை மட்டும் இல்லை.

1891-ல் குடும்பம் சிகாகோ போனது. பாம் கொஞ்ச நாள் செய்தியாளர், பிறகு 'பிட்கின் அண்ட் புரூக்ஸ்' நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பீங்கானும் கண்ணாடிச் சாமானும் விற்ற பிரதிநிதி. நாவலில் டோரத்தி ஒரு பெரிய மதிலில் ஏறி இறங்கினால் எல்லாமே பீங்கானால் ஆன குட்டி நாடு வருகிறது. அங்கே எல்லாரும் நடக்கப் பயப்படுகிறார்கள். விழுந்தால் உடைந்துவிடும், ஒட்டினாலும் ஒட்டுத் தெரியும். பெட்டி நிறைய வைக்கோலுக்குள் பீங்கான் வைத்துச் சுமந்து திரிந்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பொருளாதார விளக்கக்காரர்கள் அந்த அத்தியாயத்தைச் சீன தேசத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

1897-ல் பாம் 'தி ஷோ விண்டோ' என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். கடை முகப்புக் கண்ணாடிக்குள் சரக்கை எப்படி அடுக்குவது, வழியில் போகிறவரை எப்படி நிற்க வைப்பது என்பதற்காகவே நடந்த இதழ் அது. நம் ஜவுளிக்கடைக்காரர்கள் 'டிஸ்ப்ளே' என்கிறார்களே, அந்தக் கலை. அடுத்த ஆண்டு அந்தத் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் சங்கமும் தொடங்கினார். ஓஸ் வெளியான அதே 1900-ல் இதே கலையைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். கம்பி, துணி, காகிதம், கண்ணாடி, மறைந்து தோன்றும் பெண், தானாக ஆடும் உருவம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் வழிமுறை இருந்தது. இந்தக் கண்ணோடு மந்திரவாதியின் அறைக்குள் போய்ப் பாருங்கள். டோட்டோ திரையைத் தள்ளிவிட, குட்டையான கிழவர் அகப்பட்டுக்கொள்கிறார். தம் வித்தையை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அந்தப் பிரம்மாண்டத் தலை, காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி முகம் வரைந்தது. கூரையிலிருந்து கம்பியில் தொங்குகிறது, கண்ணையும் வாயையும் நூல் இழுக்கிறது. அழகிய பெண் என்று தெரிந்தது ஆடையும் முகமூடியும். பயங்கர விலங்கு, தோல்களைச் சேர்த்துத் தைத்து உள்ளே சட்டம் கொடுத்தது. தீப்பந்து, எண்ணெய் ஊற்றிக் கொளுத்திய பஞ்சு உருண்டை. ஒரு டிஸ்ப்ளேக்காரனின் பின்கட்டை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதில்லை. தகர மரவெட்டியும் அங்கிருந்தே வந்தான் என்று பாமின் மகன் ஒருவர் பின்னாளில் சொன்னார். இரும்புச் சாமான் கடையின் முகப்புக்காகத் தகரக் குழாயும் பாத்திரங்களும் கொண்டு அப்பா ஒரு உருவம் செய்தாராம். இதுவும் மகனின் நினைவுதான், ஆவணம் கிடையாது. ஆனால் அந்த உருவம் எந்தத் தொழிலில் பிறந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதையெல்லாம் மிஞ்சும் ஒரு மூலம் இருக்கிறது: மாமியார். மட்டில்டா ஜாஸ்லின் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்காக ஆயுள் முழுக்கப் போராடியவர். சூசன் பி. ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் இருவரோடும் சேர்ந்து அந்த இயக்கத்தின் வரலாற்றைத் தொகுத்தவர். 1893-ல் வந்த 'பெண்ணும் திருச்சபையும் அரசும்' நூலில், ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டவர்களில் பலர் மருத்துவமும் மூலிகையும் அறிந்த பெண்கள், அறிவு இருந்ததற்காகவே கொல்லப்பட்டார்கள் என்று வாதிட்டார். குளிர்காலங்களில் மகள் வீட்டுக்கு வந்து தங்குவார். மருமகன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளைக் கேட்டுவிட்டு, எழுதி அச்சில் போடச் சொல்லித் தூண்டியவரும் அவரே. 1898 மார்ச்சில் அந்த வீட்டில்தான் இறந்தார். அடுத்த ஆண்டு எழுதி முடிக்கப்பட்ட நாவலில் டோரத்தி முதலில் சந்திக்கும் பெரிய மனுஷி யார்? ஒரு நல்ல சூனியக்காரி. சூனியக்காரிகள் எல்லாருமே கெட்டவர்கள் என்று நினைத்திருந்தேன் என்கிறாள் குழந்தை. அது பெரிய தவறு என்கிறாள் கிழவி. சூனியக்காரி என்றாலே அடுப்பில் தள்ள வேண்டியவள் என்று வளர்ந்த கதைமரபில் இது சாதாரண மாற்றமா? வெள்ளிக் காலணியைப் பற்றி அறுபது ஆண்டாகக் கட்டுரை எழுதுகிறார்கள். கிழவியின் இந்தப் பதிலுக்குப் பின்னால் இறந்துபோன மாமியாரின் குரல் இருப்பதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதே 1898 நவம்பரில், மாடின் அண்ணன் மகள், ஐந்து மாதக் குழந்தை, இலினாயின் புளூமிங்டனில் இறந்தாள். மாட் உடைந்துபோனார். பாம் தம்பதிக்கு நான்கும் ஆண்பிள்ளைகள். இறந்த குழந்தையின் பெயர் டோரத்தி. புத்தகம் மாடுக்கே காணிக்கை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே சென்னை வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1892 செப்டம்பரில் பாமும் மாடும் பிரம்மஞான சபையில் சேர்ந்தார்கள். அவர்கள் சேர்ந்த சிகாகோ கிளையின் பெயர் 'ராமாயணா'. சபையின் தலைமையகம் அப்போதே நம் அடையாற்றில் இருந்தது. கேஜ் அதற்கும் முன்பே உறுப்பினர். இதைப் படித்தபோது எனக்குள் ஒரு துள்ளல். மஞ்சள் பாதை ஆன்மிக வழி, மூளையும் இதயமும் துணிவும் ஏற்கெனவே உள்ளே இருப்பவை, வெளியே தேடுவது மாயை என்று உடனே ஒரு கரும்பலகைக் கோடு மனத்தில் விழுந்தது. அப்படி எழுதியவர்களும் இருக்கிறார்கள். நான் எழுத மாட்டேன். அந்தச் சபையின் சிந்தனை பாமின் மனத்தில் ஊறியிருந்தது என்பது வேறு. கதை அதன் சங்கேத மொழி என்பது வேறு. வெள்ளிக்காரர்கள் செய்த தவற்றை அடையாற்றின் பெயரால் நானும் செய்வது அழகில்லை.

பாமின் அரசியல் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அரசியல் இருந்தது, வெளிப்படையாகவே இருந்தது. 1890-ல் தென் டகோட்டாவில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாரா வாரம் எழுதினார். அபர்டீன் சமவாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அதே ஆண்டுக் கடைசியில் சூ பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்டபோதும், 1891 தொடக்கத்தில், அம்மக்கள் கொல்லப்பட்ட ஊண்டட் நீ படுகொலைக்குப் பிறகும், பூர்வகுடி மக்களை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று இரண்டு தலையங்கம் எழுதினார். படிக்கவே நெஞ்சு கூசும் எழுத்து. பூர்வகுடிகளை மதித்துப் போற்றிய மட்டில்டா கேஜின் மருமகன் எழுதியது. 2006-ல் அவர் வழித்தோன்றல்கள் சூ மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இந்த மனிதரின் அரசியலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தப் பழைய பத்திரிகைத் தாள்களைப் படிக்கட்டும். உருவக விளக்கம் அவரை ஏழை விவசாயியின் ரகசியத் தோழனாக மாற்றி, அவர் உண்மையில் தம் பத்திரிகையில் எழுதியதை நம் பார்வையிலிருந்து ஒதுக்கிவிடுகிறது. பறக்கும் குரங்குகள் சமவெளி இந்தியர்கள் என்று எங்கள் கரும்பலகையில் இருந்தது. அந்தத் தலையங்கங்கள் இல்லை.

எழுத்தாளன் எதை நினைத்தால் என்ன, பிரதியில் பொருத்தம் இருக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. ஓஸைக் கொண்டு நாணயச் சண்டையைப் பாடம் நடத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லிட்டில்ஃபீல்ட் செய்தது அதுதான். "இதற்காகவே எழுதினார்" என்று சொல்லும்போதுதான் அது வரலாற்றுக் கூற்று ஆகிறது. வரலாற்றுக் கூற்றுக்குத் தாள் வேண்டும், தேதி வேண்டும், சாட்சி வேண்டும். எதுவும் இல்லை. பாம் தம் முன்னுரையில் இன்றைய குழந்தைகளை மகிழ்விப்பதற்காக மட்டுமே எழுதினேன் என்று சொல்லியிருக்கிறார். அதை ஒரு மறைப்பு என்று எடுத்துக்கொள்ள எவரும் காரணம் காட்டவில்லை.

இந்த விளக்கம் இவ்வளவு ஆசையோடு ஏற்கப்பட்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். 1957-ல் டெட்ராய்ட் பொது நூலகத்தின் இயக்குநர் ஓஸ் புத்தகங்களுக்கு மதிப்பேதும் இல்லை என்று அறிவித்தார். குழந்தைகள் அடித்துக்கொண்டு படித்த புத்தகத்தைப் பெரியவர்கள் அலமாரியில் வைக்க மறுத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து அதற்குள் தேர்தல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும் அது பல்கலைக்கழக வாசலைத் தாண்டியது. குழந்தைக்காக எழுதியது, அதனால் அற்பம். பெரியவர்களின் சண்டையைப் பற்றியது என்றால் மட்டுமே அதற்கு மரியாதை. இந்த எண்ணத்தின் மேல்தான் எனக்குக் கோபம். தோற்றுப்போன ஒரு கடைக்காரர், கண்ட வறட்சியையும் சுமந்த பீங்கானையும் இழந்த மாமியாரையும் மனைவியின் துக்கத்தையும் எடுத்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் ஒரு உலகம் செய்திருக்கிறார். அதைவிடக் கனமான விஷயம் நாணயச் சட்டமா?

ஹம்போல்ட் பார்க் அருகே இருந்த வாடகை வீட்டில், தம் நான்கு பையன்களும் தெருப்பிள்ளைகளும் சூழ உட்கார்ந்திருக்க, பாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். கிடைத்த தாள்களில் பென்சிலால் எழுதினார். எழுதி முடித்த அன்று அந்தப் பென்சிலையே எடுத்து ஒரு காகிதத்தோடு சேர்த்துச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். இந்தப் பென்சிலால்தான் மரகத நகரத்தை எழுதினேன், 1899 அக்டோபர் 9-ல் முடித்தேன் என்று அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. எழுதி எழுதிச் சீவிக் குட்டையாகிப்போன பென்சில் அது.